ஊறுகாய் ஜாடி கொலை வழக்கு

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பட்டறைத் தரையில் சிந்திக் கிடந்த களிமண் கரைசலில் கால் வழுக்கி விழுந்திருந்தேன். வலது கை தப்பியது என் அதிர்ஷ்டம். அந்தக் கையை நம்பித்தான் இருபத்திரண்டு வருடமாகப் பிழைப்பு. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் வண்ணம் தீட்டுகிறவள் நான். கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதுவேன், ஜாடிகளுக்குப் பூ போடுவேன். கண் எழுதுவதில் எனக்கு ஈடாக இந்த ஊரில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் பெண்ணாடம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமான நாளிலிருந்து அவரைத் துப்பறியும் நாவல் இல்லாமல் நான் பார்த்ததில்லை. பெண்ணாடத்தில் பஸ் நிற்கிற கால் மணி நேரத்தில் டீ குடிக்கிறாரோ இல்லையோ, பத்துப் பக்கம் படித்துவிடுவார். குற்றவாளி யாரென்று தோன்றியதும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பெயரையும் எழுதிவைப்பார். கடைசி அத்தியாயத்தில் அது சரியாக இருந்துவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் பரோட்டா வரும். நிறைய நாள் பரோட்டா சாப்பிட்டிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பங்குக் கோயிலில் பூசைக்குப் போய் வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, போனில் ஏதோ துப்பறியும் படம் தேடினார். அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய வெளிநாட்டு கார்ட்டூன். ஏழெட்டு நிமிடம்தான் ஓடும். மழை கொட்டும் ஒரு மாளிகை. உள்ளே ஒரு திருட்டு. விசாரிக்க வருகிறார் கொக்கு மாதிரி நீண்ட கழுத்துள்ள ஒரு துப்பறிவாளர். கைரேகை எடுக்கிறேன் என்று அறை முழுக்க வெள்ளைப் பொடியைத் தூவி, கடைசியில் தன்னையே காணாமல் தேடுகிறார். அத்தனை பேரையும் கூடத்தில் உட்கார வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நீளமாகப் பேசுகிறார். அவர் பேசப் பேச, பின்னால் நிஜத் திருடன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறான். பெரிய நாற்காலியோடு அவன் வாசலில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது, துப்பறிவாளரே போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து பேச்சைத் தொடர்கிறார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. கட்டுப் போட்ட கை குலுங்கி வலித்தது. அவர் சிரிக்கவே இல்லை.

"இதுல என்னா சிரிப்பு? கைரேகை எடுக்கிறதெல்லாம் சரியாத்தான் காட்டுறான்" என்றார்.

"திருடன் போறதுக்கு இவரே கதவைத் தொறந்து விடுறாருங்க. அதுக்குமா சிரிப்பு வரலை?"

"பாவம்டி அந்த ஆளு. அவ்ளோ கஷ்டப்பட்டு விசாரிச்சிருக்கான்."

அவர் வேலைக்குப் போயிருந்த நாட்களில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நாலாவது, ஐந்தாவது தடவையில் கதை பின்னால் போய்விட்டது. எனக்குக் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கொக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பதில்லை. தான் பெரிய புத்திசாலி என்கிற நம்பிக்கை அதன் கண்ணிலேயே உட்கார்ந்திருந்தது. கருவிழி இடதுபுறம் போகும், நிற்கும், மெல்லத் திரும்பி வரும். ஒவ்வொரு அசைவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தனித்தனியாக வரைந்திருக்கிறார். நானும் வருடம் முழுக்கக் கண் எழுதுகிறேன். நான் எழுதிய ஒரு கண்கூட அசைந்ததில்லை. முருகன், ராதை, மாதா, கல்யாணப் பெண், போலீஸ்காரர் என்று அத்தனை பேரும் நேராகப் பார்த்தபடியே நிற்கிறார்கள்.

திருச்சியில் நர்சிங் படிக்கும் மகளிடம் போனில் கேட்டேன். "பொம்மையக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி வெச்சி ஒவ்வொரு தடவையும் போட்டோ எடும்மா. சேத்து ஓட்டுனா நடக்கும். அதுக்குன்னே ஆப் இருக்குது" என்று சொல்லி அதையும் அனுப்பிவைத்தாள்.

கட்டுப் பிரித்ததும் தொடங்கினேன். எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. பட்டறையிலிருந்து ஒரு உருண்டைக் களிமண் கொண்டுவந்து, தொந்தி வைத்த ஒரு துப்பறிவாளரை உருட்டினேன். முதல் நாள் நன்றாக நடந்தார். அடுத்த வாரம் கழுத்தில் விரிசல். ஈரத் துணி போர்த்தி வைத்தால் கால் இளகி உட்கார்ந்துவிட்டார். வெயில் நாளில் காது உதிர்ந்தது. ஒவ்வொரு தடவை தொடும்போதும் மூக்கு வேறு வடிவமாகி, ஓட்டிப் பார்த்தால் அம்மை போட்டவர் மாதிரி முகம் கொதித்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயின.

நாலாவது வாரம் வேலையில் இருக்கும்போதுதான் என் முட்டாள்தனம் எனக்குப் புரிந்தது. ஒரே மாதிரி நூறு பொம்மை செய்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு பொம்மையோடு எதற்கு மல்லுக்கட்டுகிறேன்? பிளாஸ்டர் அச்சில் கரைசலை ஊற்றினால் எத்தனை தலை வேண்டுமானாலும் அச்சு அசலாக வரும். ஒவ்வொன்றிலும் கண்ணையும் வாயையும் வேறு வேறாக எழுதிக்கொண்டால் போதும். இடது பார்க்கும் தலை, வலது பார்க்கும் தலை, கண் மூடிய தலை, வாய் திறந்த தலை. உடம்பு நிற்கும், தலையை மாற்றி மாற்றி வைக்கலாம். சுட்ட பீங்கான் காயாது, இளகாது, மூக்கு நசுங்காது.

ஓனரிடம் போய் நின்றேன். என்னைவிட நாலு வயது பெரியவர். அப்பா காலத்துப் பட்டறையை எடுத்து நடத்துகிறார். எங்கள் பத்துப் பேரோடு அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சூளை அடுக்குவார்.

"அண்ணே, கொலுவுல வெக்கிற தொந்திக் கடைக்காரர் பொம்மை அச்சு ஒண்ணு ஓரம் ஒடைஞ்சி மூலையில கெடக்குது. எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"படம் எடுக்கப் போறேண்ணே."

"போட்டோவா?"

"சினிமா. துப்பறியும் படம். பொம்மைங்கதான் நடிக்கும்."

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "அன்னிக்கு உழுந்ததுல தலையில எதுவும் அடிபடலையே?"

"இல்லண்ணே."

"சரி, எடுத்துக்க. சூளையில ஓரத்துல எடம் இருந்தா வெச்சி சுட்டுக்க. ஆர்டரு மட்டும் நிக்கக் கூடாது."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊற்றி, காயவைத்து, இருபத்தாறு தலைகள் செய்தேன். கண் எழுத உட்கார்ந்தபோது எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பொம்மைக்குக் கண் எழுதினால் அதோடு முடிந்துவிடும். இங்கே ஒரு கண் அடுத்த கண்ணுக்கு வழிவிட வேண்டும். கருவிழியை எள்ளளவு தள்ளினால் ஆள் சந்தேகப்படுகிறார், இன்னும் எள்ளளவு தள்ளினால் பயப்படுகிறார். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடத் தப்பும் சரியும் கையிலேயே இருந்தன.

கதையில்தான் நின்றோம். படத்தில் எல்லாரும் பீங்கான் என்று முடிவு செய்திருந்தேன். ஒரு பெரிய சமையலறை அலமாரி. தரையில் ஒரு ஊறுகாய் ஜாடி உடைந்து கிடக்கிறது. அதுதான் கொலை. சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேர்: காது உடைந்த ஒரு டீ கப்பு, மின்சாரப் பெட்டியிலிருந்து வந்த ஒரு ஃபியூஸ் கேரியர், தன்னைப் பெரிய இடத்துப் பெண்ணாக நினைத்துக்கொள்ளும் ஒரு பூச்சாடி. துப்பறிவாளர் வந்து எல்லாரையும் தப்புத் தப்பாகச் சந்தேகப்படுவார். இதுவரை சரி. ஜாடியைக் கொன்றது யார் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரியத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன், காமெடிதானே என்று.

என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"காமெடியா எடு, என்னமோ பண்ணு. ஆனா பாக்கறவன் மூளையைப் போட்டா குத்தவாளி யாருன்னு கண்டுபிடிக்கற மாதிரி இருக்கணும். கடைசில சும்மா ஒருத்தனக் கையக் காட்டிட்டுப் போனா அது ஏமாத்து வேலை."

"நீங்கதான் கார்ட்டூனப் பாத்து சிரிக்கவே இல்லியே. ஒங்களுக்கென்ன?"

"சிரிக்கலன்னா பாக்கலன்னு அர்த்தமா? அந்தத் திருடன் மொத காட்சியிலேயே சன்னல் பக்கம் நிக்கறான். அதெல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கான்."

மறுபடி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். சன்னல் திரைக்குப் பின்னால் இரண்டு பூட்ஸ் தெரிந்தது. அத்தனை தடவை பார்த்தும் நான் கவனித்திருக்கவில்லை. சிரிக்காமல் பார்த்ததால் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கேலிப் படமானாலும் அடியில் ஒரு ஒழுங்கான வழக்கு இருந்தால்தான் கேலி நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். அவரிடம் உடனே சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பென்சிலோடு வந்து உட்கார்ந்தார். "நீதான அதுலயே கெடக்கே. ஒரு ஜாடி எப்படியெல்லாம் ஒடையும், சொல்லு."

"கீழ உழுந்தா ஒடையும். சூட்டோட தண்ணி பட்டா ஒடையும். இல்லன்னா சூளையிலயே விரிசல் உட்டுருக்கும். அது பிற்பாடு சும்மா தொட்டாக்கூட ஒடையும்."

"எப்படி ஒடைஞ்சிதுன்னு பாத்தா தெரியுமா?"

"நல்லா தெரியும். கீழ உழுந்து ஒடைஞ்சா ஓரம் பிளேடு மாதிரி கூரா, வெள்ளையா இருக்கும். மொதல்லயே விரிசல் இருந்திச்சின்னா, மேல கண்ணாடியாட்டம் பூசுற கிளேஸ் சூளையில உருகி அதுக்குள்ள எறங்கிடும். ஓரம் மழுங்கி, பளபளன்னு இருக்கும்."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி நான் சொன்ன எதற்கும் அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததில்லை.

"இதாம்மா துப்பு! இவ்ளோ நாளு இத வெச்சிக்கிட்டா சும்மா இருந்தே? அப்போ ஜாடிய யாரும் கொல்லல. அது அலமாரிக்கு வரும்போதே பாதி செத்துதான் வந்திருக்கு." பென்சிலை மறுபடி எடுத்தார். "ஆனா ஒண்ணு இடிக்குது. விரிசல் இருந்தா அத நீங்க கழிச்சிடுவீங்களே? எப்படி சமையக்கட்டு வரைக்கும் வந்திச்சி?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மைத் தலைகளை அடுக்கினேன். அவர் குற்றவாளிகளை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவர்.

"இந்தா. என்னா?"

"முடி மாதிரி மெல்லிசா விரிசல் இருந்தா கழிக்க மாட்டோங்க. அது மேல பூப் போட்டு இன்னொரு தடவை சுட்டுடுவோம். ஒரே மாதிரி இருக்கணும்னு நல்லதுலயும் சிலதுக்குப் போடுவோம். வெளிய தெரியாது."

"யாரு போடுறது?"

"நான்தான்."

அவர் எழுந்து கீழே போனார். சமையலறையிலிருந்து எங்கள் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் வயிற்றில் ஒரு நீலப் பூ இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, பூவின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "இதுவுமா?" என்றார். "அது நல்லதுங்க. வூட்டுக்குன்னு பாத்து எடுத்தது" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே உறைத்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லத் தொடங்கியவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சில வருடங்களுக்கு முன்னால் கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு துண்டான ஜாடியைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஒரு வருடத்துக்குப் போட்ட மாவடு மொத்தமும் தரையில் போய்விட்டதாம். அழவில்லை, சண்டையும் போடவில்லை. "தொடச்சி வெக்கிறேன்னு நவுத்துனேம்மா, அவ்ளோதான்" என்றார். துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரம் மழுங்கிப் பளபளவென்று இருந்தது. உடைப்பு என் பூவின் நடுவில் போயிருந்தது. "எங்கியாவது இடிச்சிருப்பீங்க, பாத்துக்கங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் இடித்த ஞாபகத்தைத் தேடிக்கொண்டே போனார்.

என் கணவர் ஒரு தாளை எடுத்தார். ஓரத்தில் பெருக்கல் குறி போட்டார். பக்கத்தில் எதுவும் எழுதாமல் என்னையே பார்த்தார்.

"நடிக்க எல்லாம் என்னால முடியாது" என்றேன்.

"கை மட்டும் வந்தா போதும்."

ஒரு வாரம் முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை. கோபம் அவர் மேல் இல்லை என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை பட்டறையில் ஒரு ஜாடிக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பார்த்தேன். தூரிகையைப் பிடித்திருந்த விதம் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய், "கையே வரட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. சன்னல் வெளிச்சம் நகர்ந்து படத்தில் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி அடித்ததால், சன்னலைப் போர்வையால் மூடி ஒரே ஒரு எல்இடி பல்பு போட்டுக்கொண்டோம். சூளையில் அடுக்கு வைக்கிற கல்லுதான் போனுக்கு ஸ்டாண்டு. நொடிக்குப் பத்துப் படம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நொடி எடுத்தால் அன்றைக்கு வெற்றி. தலையை மாற்றுவது நான், பட்டனை அழுத்துவது அவர். மெழுகு வைத்துத் தலையைக் கழுத்தில் ஒட்டுவோம். ஒரு நாள் பெட்டியிலிருந்து தப்பான தலையை எடுத்து வைத்துவிட்டேன். கொலையைப் பார்த்துத் திடுக்கிட வேண்டிய இடத்தில் துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டிப் பார்த்தபோது தூங்குகிற மாதிரி இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

துப்பை எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான் பெரிய வாக்குவாதம். முதல் காட்சியிலேயே அலமாரியில் இருக்கும் ஜாடிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும், செத்துப்போன ஜாடியின் மேல் மட்டும் பூ இருக்கும். அது ரொம்ப அப்பட்டமாகத் தெரியும் என்று அவர் பயந்தார். எனக்கு ஒன்று தோன்றியது. துப்பறிவாளர் பூதக்கண்ணாடியோடு வந்து அந்தப் பூவைக் குனிந்து மோந்து பார்க்கட்டும். மோந்து பார்த்ததும் தும்மட்டும். அந்தத் தும்மலில் அலமாரியே ஆடட்டும்.

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடி இவளே! சிரிக்கிறப்போ எவன் துப்பப் பாப்பான்!"

துப்பறிவாளருக்குக் குரல் கொடுத்தது அவர்தான். நாவல்களில் வருகிற மாதிரி சுத்தமான எழுத்துத் தமிழ்: "இக்கொலையின் பின்னணியில் ஒரு மாபெரும் சதி இருப்பதாக எனது உள்ளுணர்வு கூறுகிறது." கப்பும் ஃபியூஸும் எங்கள் ஊர்ப் பேச்சில் பதில் சொல்லும்: "என்னா சார் சொல்றீங்க, எனக்கு ஒரு காதே இல்ல, நான் எங்க போயி தள்றது?" அவர் அந்த வசனங்களைக் கொஞ்சமும் சிரிக்காமல், முழு நம்பிக்கையோடு பேசினார். அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வந்தது. வேண்டுமென்று யாராவது வேடிக்கையாகப் பேசியிருந்தால் கெட்டிருக்கும்.

நாலு நிமிடப் படத்தை எடுத்து முடிக்க ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. பங்குக் கோயிலில் ஃபாதரிடம் ஹாலும் புரொஜெக்டரும் கேட்கப் போனேன்.

"என்ன படம்மா? கொலைக் கதைன்னு கேள்விப்பட்டேனே?" என்றார் சங்கடமாக.

"ஜாடிக் கொலைங்க ஃபாதர். ரத்தம் வராது. ஊறுகாதான் கொட்டும்."

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஓனருக்குத் தெரியாமல் காட்டக்கூடாது என்று சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் போனேன். "அண்ணே, நாளைக்குப் படம். கடைசில ஒரு விஷயம் வருது, அத ஒங்ககிட்ட மொதல்லயே..." என்று தொடங்கினேன்.

"சொல்லாத, சொல்லாத. எனக்கும் துப்பறியத் தெரியும். வூட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரேன்" என்றார்.

வற்புறுத்திச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சொல்ல வந்தேன் என்கிற நிம்மதி எனக்கு அப்போது போதுமாக இருந்தது.

ஹால் நிறைந்திருந்தது. பூசைக்கு வந்த குடும்பங்கள், பட்டறை ஆட்கள், சிவன் கோயில் தெருவிலிருந்துகூட மற்ற பட்டறைகளில் வண்ணம் தீட்டுகிற பெண்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். சன்னல்களுக்குத் திரை போட்டார்கள். ஓனர் மூன்றாவது வரிசையில், மனைவி பக்கத்தில். தும்மல் காட்சியில் ஹாலே குலுங்கியது. பூச்சாடி மயங்கி விழுகிற இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். துப்பறிவாளர் மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கைது செய்கிறார். உடைந்த துண்டைக் காட்டிப் பேசப் போகிறவர், அதன் மழுங்கிய ஓரத்தில் கண்ணை வைக்கிறார். கருவிழி மெல்ல மேலே போகிறது. பூவைப் பார்க்கிறது. இன்னும் மேலே போகிறது. திரையின் மேலிருந்து, தூரிகை பிடித்த நிஜக் கை ஒன்று இறங்கி, அலமாரியில் இன்னொரு ஜாடியின் விரிசல்மேல் பூ எழுதத் தொடங்குகிறது. துப்பறிவாளர் எட்டிப் போய் அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் விலங்கை மாட்டுகிறார். கை அசையாமல் நிற்கிறது. படம் முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. என் வளையல் திரையில் தெரிந்திருந்தது. யார் கை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தலை குனிய வேண்டும் என்று தோன்றவில்லை. அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்:

"ஐயய்யோ, எங்க வூட்டு ஜாடியிலயும் பூ இருக்குது!"

ஹால் வெடித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஓனர் எழுந்து, டீ குடிக்காமல், யாரிடமும் பேசாமல் வெளியே போனார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது என் கணவர், "பஸ்ஸுக்கு லீவு சொல்லிட்டுக் கூட வரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் போட்ட பூவுக்கு நான் பேசிக்கொள்கிறேன்.

ஓனர் என் மேசைக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"நேத்திலேர்ந்து போன் மேல போன். எங்க ஜாடியில பூ இருக்குது, என்னா பண்றதுன்னு."

"என்ன சொன்னீங்கண்ணே?"

"தண்ணி ஊத்தி ஒரு நாள் வெச்சிப் பாருங்க, கசிஞ்சா கொண்டாங்க, மாத்தித் தரேன்னேன். வேற என்னா சொல்றது?" ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சனிக்கெழமை சொல்லத்தாண்ணே வந்தேன்."

"அதுக்கு முன்னாடி எத்தன வருஷம் இருந்திச்சி?"

அவர் சொன்னது நியாயம். ஒரு நாளும் இது தப்பு என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லாமல் அழகாகப் பூப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பூப் போடச் சொன்னது நானு. படத்துல ஒன் கைய மட்டும் ஏன் காட்டினே?" என்றார்.

"போட்டது நான்தானேண்ணே."

அவர் அலமாரிக்குப் போய், அன்றைக்குச் சூளையிலிருந்து இறங்கிய ஒரு ஜாடியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். வயிற்றில் முடி மாதிரி ஒரு கோடு. "இதுக்குப் போடுவியா?"

"மாட்டேண்ணே."

"பொம்மைக்கு?"

"பொம்மைக்குப் போடலாம். பொம்மைக்குள்ள யாரும் ஊறுகா வெக்கப் போறதில்ல. ஜாடிக்கும் கப்புக்கும் வேணாம்."

"சரி" என்று சொல்லி, ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவுத் தொட்டியில் போட்டார். மெதுவாக வைக்கவில்லை. சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. அப்புறம் மூன்று நாள் அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நாலாவது நாள், தும்மல் காட்சியில் அலமாரி ஆடினது எப்படி என்று கேட்டார். அடியில் கயிறு கட்டி இழுத்தோம் என்றேன். "அப்படியா!" என்று சின்னப் பையன் மாதிரி கேட்டுக்கொண்டார்.

மாற்றிக்கொள்ள வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். அவர்களில் பாதிப் பேருடைய ஜாடி நன்றாகவே இருந்தது, படம் பார்த்த பயத்தில் தூக்கி வந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நானே வெளிச்சத்தில் பிடித்துத் தட்டிக் காட்டினேன். நல்ல ஜாடி மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் ஜாடி தகரம் மாதிரி. கம்மாபுரம் அம்மாவை எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. கம்மாபுரம் பக்கம் எந்த ஊர் என்று நான் அன்றைக்குக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் போகிற பஸ் கண்டக்டர்களிடம் என் கணவர் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் மாவடு ஜாடி உடைந்த அம்மா என்று சொன்னால் யாரைப் போய்த் தேடுவது?

இரண்டு மாதம் கழித்துப் பெண்ணாடத்திலிருந்து எங்களிடம் மொத்தமாக எடுக்கும் கடைக்காரர் வந்தார். படத்துக்குப் பிறகு பூவே போடாமல் வரிசையாக அடுக்கியிருந்த ஜாடிகளைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னாங்க, எல்லாம் மொட்டையா வெள்ளையா இருக்குது? பூவெல்லாம் என்னா ஆச்சி? எங்க ஊர்ல பூப் போட்டதுதான் போவும்."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் ஒரு ஜாடியைத் தூக்கித் தட்டிப் பார்த்தேன். நன்றாக ஒலித்தது. இத்தனை வருடமும் பூ எங்கே வர வேண்டும் என்று விரிசல்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வயிற்றிலா, கழுத்திலா, கோணலாக அடியிலா என்று அது காட்டிய இடத்தில்தான் போட்டேன்; நல்ல ஜாடிக்கும் அதே இடம்தான். ஜாடியைத் திருப்பி, எனக்குப் பிடித்த இடமாகப் பார்த்து, தோளுக்குக் கொஞ்சம் கீழே தூரிகையை வைத்தேன். "எத்தனை வேணும், சொல்லுங்க" என்றேன் கடைக்காரரிடம்.